விக்ரோலிக்குக் குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் வேலை கிடைத்து வீடு தேடுகிறவர்களிடம் விக்ரோலி என்று சொன்னால், ஒரு சாரார் ஆலைப் புகையை நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் ரயில் ஜன்னலில் தெரிந்த மரங்களை நம்பி, பூங்காவுக்குள் குடியேறப் போவதாக எண்ணி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பசுமை எப்படி வந்தது என்று தெரியாததே இரண்டுக்கும் காரணம்.

1943-ல் கோத்ரெஜ் நிறுவனத்தின் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கே ஏலத்தில் நிலம் எடுத்தார். பின்னர் சேர்ந்தவற்றோடு அது ஏறத்தாழ 3,000 ஏக்கர் ஆனது. முதல் பொதுத் தேர்தலுக்கான இரும்பு வாக்குப்பெட்டிகள் லட்சக்கணக்கில் இங்கேதான் தயாராயின. 1955-ல் தட்டச்சு இயந்திரமும் வந்தது. நிலம் ஒரே கையில் இருந்ததால் மனை மனையாகச் சிதறவில்லை. ஆலைகளுக்கும் ஊழியர் குடியிருப்புகளுக்கும் நடுவே மரங்கள் தழைத்தன. கிழக்கே, தாணே கடற்கழியை ஒட்டிய பெரும்பகுதி அலையாத்திக் காடாகவே நின்றுவிட்டது.

அந்தக் காட்டை வெறும் சேற்றுநிலம் என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற பெரிய பிழை. நீர் வற்றும் நேரத்தில் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பட்டுப்போன செடிகளின் மிச்சம் என்றே நானும் முதலில் நினைத்தேன். உண்மையில் அவை சுவாச வேர்கள்; சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கட்டட இடிபாடுகளைக் கொட்டி அவற்றை மூடினால், வெட்டாமலேயே மரம் செத்துவிடும். அலையாத்தி, வேர் வழியாக ஏறிய உப்பை இலை வழியாகக் கக்குகிறது. இலையை நாவில் வைத்தால் கரிக்கும். இந்தக் காடுகளை அழிப்பது வாழ்வுரிமையையே மீறுவது என்று 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, வீட்டுத் தரகர் எவராவது 'நாளைக்கு இந்த இடமும் கட்டடமாகிவிடும்' என்றோ, 'காலையில் உள்ளே நடைப்பயிற்சி போகலாம்' என்றோ சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது.

கடற்கழிப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் தவறு. நீர் வடிந்தபின் அழுகிய முட்டை நாற்றம் எழுவதுண்டு. சாக்கடை உடைந்ததோ என்று பதற வேண்டியதில்லை, காற்றில்லாத சேற்றின் இயல்பு அது. ஆனால் அது ஒத்துக்கொள்ளுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ரயில் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: விக்ரோலியில் எல்லா நிலையங்களிலும் நின்று போகிற ஸ்லோ லோக்கல் மட்டுமே நிற்கும். ஃபாஸ்டில் ஏறிவிட்டு, நான் தாணே வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

மேற்கு விக்ரோலியின் குன்றுச் சரிவுகளிலும் பச்சை உண்டு. அதை ரசிப்பதில் எச்சரிக்கை தேவை. 2021 ஜூலையில் கொட்டிய மழையில் சூர்யாநகரில் மண் சரிந்து, குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் இறந்தார்கள். மேற்கில் வாடகை குறைவாகக் கிடைக்கிற வீட்டைப் பார்க்கும்போது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வீட்டின் பின்பக்கம் போய், சரிவுக்குத் தடுப்புச்சுவர் இருக்கிறதா, அதன் துளைகளில் மழைநீர் வடிகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஜூலையிலேயே போய்ப் பார்த்தால் கேட்கவும் வேண்டியிராது.