ஓட்டுநர் அறையில் ஒருவரா, இருவரா: எடைபோட்டுப் பார்க்கும் முறை

சுங்கை சிப்புட்டில் கம்பிச் சடக்கை ஒட்டியே வாழும் நாம், இரயில் ஓட்டுநர் அறையில் ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்தால் உடனே ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறோம். அதற்கு முன், இரண்டாமவரிடம் என்ன வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அவர் இல்லாவிட்டால் அந்த வேலையை எது செய்கிறது என்று கேளுங்கள்.

ஓடும் இரயிலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில், கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்த தனி ஓட்டுநர் சிவப்பு விளக்கைத் தாண்டியதால் 25 பேர் மாண்டனர். ஆனால் 2017இல் வாஷிங்டன் மாநிலத்தின் டுபாண்டில், தடத்தைப் பழகிக்கொள்ள வந்த இன்னொருவர் அறையில் இருந்தும், 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவேண்டிய வளைவில் இரயில் ஏறத்தாழ 126 கிலோமீட்டரில் பாய்ந்து தடம்புரண்டது. இந்திய இரயில்வேயில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லி உறுதிசெய்கிறார்கள். ஜப்பானில் தனி ஓட்டுநரே விரலால் சுட்டி உரக்கச் சொல்கிறார். ஆகவே பழக்கத்தையும் கருவியையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று மட்டும் சோதிக்கும் கருவிக்குச் சிக்னலின் நிறம் தெரியாது. ஈப்போ–பாடாங் பெசார் தடத்திலுள்ள ஈ.டி.சி.எஸ். போன்ற தானியங்கிப் பாதுகாப்பு அமைப்போ, சிக்னலையும் வேகத்தையும் கண்காணித்துத் தானே பிரேக் போடும்.

நின்ற இரயிலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2013 ஜூலையில் கனடாவின் லாக்-மெகாந்திக் அருகே, கச்சா எண்ணெய் ஏற்றிய 72 தொட்டி வண்டிகளைச் சரிவான தடத்தில் நிறுத்திய தனி ஓட்டுநர் 7 கைப்பிரேக்குகளை மட்டுமே இட்டார். இழுவை இயந்திரத்தின் காற்றுப் பிரேக்கை விடுவிக்காமலேயே சோதித்ததால் அவை போதாதென்று தெரியவில்லை. பிறகு இயந்திரத்தில் தீப்பிடிக்க, அதை அணைக்க வந்தவர்கள் இயந்திரத்தையும் நிறுத்தினார்கள். இயந்திரம் நின்றதால் காற்றுப் பிரேக்கிலிருந்த காற்று மெல்லக் கசிந்து, பிடி தளர்ந்தது. வண்டி தானாக உருண்டு ஊருக்குள் புகுந்து 47 உயிர்களைப் பறித்தது. இரண்டாமவர் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. ஆயினும், அபாயச் சரக்குத் தொட்டி வண்டிகளுடன் செல்லும் இரயிலுக்கு இருவராவது வேண்டும் என்று கனடா அரசு அம்மாதமே கட்டளையிட்டது. செம்பனைக் குலை லாரியை மேட்டில் நிறுத்தும்போது ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் சக்கரத்தடியில் கல் வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அக்கட்டளை சரியென்றே படுகிறது.

தானியங்கிப் பாதுகாப்புள்ள தடத்தில், வண்டிக்குள் வேறு பணியாளர்களும் இருக்கும் பயணிகள் இரயிலுக்கு ஓட்டுநர் அறையில் ஒருவர் போதும் என்பதை ஏற்கலாம். சரக்கு இரயிலென்றால், நள்ளிரவில் கோலகங்சார் பக்கத்துக் காட்டோரம் அது பழுதாகி நிற்கையில் அல்லது ஓட்டுநர் மயங்கி விழுகையில், கடைசி வண்டிவரை நடந்து பார்ப்பவர் யார், அவர் வந்துசேர எத்தனை நிமிடமாகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.