வெப்பமண்டலத் தீவில் வாழ்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பமண்டலத் தீவொன்றில் குடியேறுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பெருநிலத்தில் பழகிய வழக்கங்களை அப்படியே அங்கும் தொடர்வதால் நேர்பவை. பெருநிலத்தில் கிணறு வற்றினால் இன்னும் ஆழமாகத் தோண்டலாம். குப்பையை ஊருக்கு வெளியே கொட்டலாம். சிறு தீவில் ஆழமாகத் தோண்டினால் கடல்நீர்தான் வரும், ஊருக்கு வெளியே என்று ஓர் இடமும் கிடையாது. தீவின் மண், நீர், கரை, உயிரினங்கள் ஆகியவை எந்த அளவுக்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது தெரிந்தால் இந்தத் தவறுகளில் பலவற்றை எளிதாகத் தவிர்த்துவிடலாம்.

இவற்றில் மிகப் பெரிய தவறு கிணற்று நீரை அள்ளும் முறையில்தான் நடக்கிறது. பவளப்பாறையாலும் மணலாலும் ஆன தாழ்வான தீவுகளில் நிலத்தடி நன்னீர் முழுவதும் மழை தந்தது. பாறைத் துளைகளின் வழியே கடல்நீர் தீவின் அடியில் ஏற்கெனவே பரவியிருக்க, அதைவிட அடர்த்தி குறைந்த மழைநீர் அதன்மீது மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர். நன்னீரின் அடர்த்தி 1.000 என்றும் கடல்நீரின் அடர்த்தி 1.025 என்றும் கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நிற்கும் இடத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் பாடோன் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். கேட்பதற்கு நம்பிக்கை தரும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்: நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் 4 மீட்டர் மேலேறும். கடலின் ஏற்றவற்றத்தால் இரண்டு நீரும் ஓரளவு கலந்துவிடுவதால், சிறு தீவுகளில் குடிக்கத்தக்க நீரின் தடிமன் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே ஆழ்துளைக் கிணறு போட்டுச் சக்திவாய்ந்த மோட்டாரைப் பொருத்துவது, தன் கிணற்றோடு அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் உப்பாக்கும் செயல். ஆழம் குறைந்த, அகன்ற கிணற்றிலிருந்து, சிறிய மோட்டாரால், இடைவெளிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே சரி. கிரிபாட்டி நாட்டின் தெற்குத் தராவாவில் பொன்ரிக்கி என்னும் இடத்தில், நீர்மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டமாகக் குழாய்களைப் பதித்து, பரந்த பரப்பிலிருந்து மேல்நீரை மட்டும் மெதுவாக எடுக்கிறார்கள். ஒரு வீட்டுக் கிணற்றுக்கும் இந்த முறை பொருந்தும். புயலிலோ பேரலையிலோ கடல்நீர் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால், அதை முழுவதும் இறைத்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கிலங்கையில் பல கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்து உப்புநீர் மேலேறியது. மண்ணைக் கழுவிக் கிணறுகளை மீட்டுத் தந்தது அடுத்தடுத்துப் பெய்த மழைதான்.

கழிவுநீர்க் குழியைக் கிணற்றுக்கு அருகில் வெட்டுவது இதனோடு சேர்ந்த தவறு. களிமண் நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிகட்டப்படும். பவளச் சுண்ணாம்புப் பாறையிலோ வெடிப்புகள் வழியே அது விரைந்து ஓடிவிடுகிறது. கிணற்றுக்கு மட்டுமன்றிக் கரையிலுள்ள பவளப்பாறைக்கும் அது போய்ச் சேர்கிறது. கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்காமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. முதலில் வழியும் நீரில் பறவை எச்சமும் தூசியும் உப்பும் இருக்கும் என்பதால் அதை வெளியே விட்டுவிட்டு, பின்வருவதைத் தொட்டியில் பிடிக்க வேண்டும்.

அந்தத் தொட்டியைத் திறந்து போடுவது கொசுவை அழைப்பதாகும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. பகலில்தான் பெரும்பாலும் கடிக்கிறது. தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு, கரையில் இழுத்துப் போட்ட படகின் அடித்தட்டு, அடைபட்ட கூரைக் கால்வாய் என எதில் நீர் நின்றாலும் அதற்குப் போதும். இங்கே பலர் செய்யும் பிழை, நீரைக் கொட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். பாத்திரத்தின் உட்புறத்தை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால்தான் பயன் உண்டு. தொட்டியின் வாயையும் வழிகுழாயையும் நெருக்கமான வலையால் மூட வேண்டும்.

அடுத்தது கரை. கடற்கரையை ஒட்டி வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானதே என்றாலும், தீவின் மணற்கரை நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. மாலத்தீவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது தீவின் ஒரு பக்கத்தில் கரையும் மணல் மறுபக்கத்தில் சேர்ந்து, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பி வருகிறது. மணல் ஒதுங்கி அகலமாகத் தெரியும் மாதத்தில் இடத்தைப் பார்த்து வாங்கியவர், சில மாதங்களில் அலை வாசலுக்கு வருவதைக் கண்டு பதறிக் கற்சுவர் எழுப்புகிறார். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் முன்னால் இருக்கும் மணலையும் வாரிக்கொண்டு போகிறது. பக்கத்திலிருப்பவரின் கரைக்குப் போக வேண்டிய மணலும் தடைபடுகிறது. ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் கரையைப் பார்த்த பிறகே எங்கே கட்டலாம் என்று முடிவுசெய்ய வேண்டும்.

கரையில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும் அதற்குப் பின்னால் நிற்கும் தாழை, புன்னை, பூவரசு மரங்களையும் கடல் தெரிய வேண்டும் என்பதற்காக வெட்டுவது இதைவிட வருத்தம் தருவது. அடப்பங்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கிறது. மரங்கள் உப்புக் காற்றைத் தடுக்கின்றன. ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லையும் குப்பை என்று தினமும் வாரி எடுக்கிறார்கள். அதன் அடியில் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தால் மணல் ஈரமாகவும் இறுகியும் இருப்பதும், சிறு உயிர்கள் துள்ளி ஓடுவதும் தெரியும். அந்தப் புல்லடுக்கு அலையின் வேகத்தைத் தணித்து மணலைக் காக்கிறது. பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் புல்லை விட்டுவிடலாம்.

பவளத்தீவின் மணலே உயிர்கள் தந்ததுதான். சிப்பிகளும் பவளத் துகள்களும் சேர்ந்தது போக, பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் அதை அரைத்து மணலாகக் கழிக்கின்றன. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்குகிறது. அந்த மீனை வரைமுறையின்றிப் பிடித்தால் காலப்போக்கில் கரைக்கு வரும் மணலும் குறையும். பவளத்தின்மீது நடப்பதும் நங்கூரம் போடுவதும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தோலில் பூசும் சூரியத் தடுப்புக் களிம்புகளிலுள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற, பவளத்துக்குத் தீங்கு செய்வதாகக் கருதப்படும் வேதிப்பொருள்களை பலாவ் நாடு 2020 முதல் தடைசெய்திருக்கிறது. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிந்தால் களிம்பின் தேவையே பெருமளவு குறைந்துவிடும்.

அழகான சங்குகளைக் கண்டதும் எடுப்பதிலும் இரண்டு தீங்குகள் உண்டு. காலிச் சங்கு துறவி நண்டுக்கு வீடு. நாம் எடுத்துப் போனால் வளர்ந்த நண்டு மாறிப் போக ஓடு கிடைக்காது. உயிருள்ள கூம்புச் சங்கோ நஞ்சு ஏற்றும் ஊசியை நீட்டிக் குத்தும், சில இனங்கள் மனிதரைக் கொல்லவும் வல்லவை. கையில் வைத்துப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

வெளியிலிருந்து செடிகளையும் விலங்குகளையும் கொண்டுவருவது திருத்தவே முடியாத தவறாகிவிடக்கூடும். குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்குகளோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, பாம்பையே அறியாமல் வளர்ந்த அதன் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. பூச்சியுண்ணும் பறவைகள் போனதால் அங்குள்ள காடுகளில் இன்று சிலந்திகள் பெருகிக் கிடக்கின்றன. ஒரு பூந்தொட்டியின் மண்ணில்கூட எறும்புக் கூட்டமும் நத்தை முட்டையும் ஒளிந்து வரலாம் என்பதால், துறைமுகச் சோதனையைத் தொல்லையாகக் கருதாமல், அந்தத் தீவிலேயே வளர்ந்த கன்றுகளை வாங்கி நடுவது நல்லது.

வீட்டுப் பராமரிப்பைப் பொறுத்தவரை, மழையில் நனையும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்ற எண்ணம் பலரை ஏமாற்றுகிறது. மழை படும் இடத்தில் உப்பு கழுவப்பட்டுவிடும். கூரை விளிம்பின் அடியிலும் கதவுக் கீல்களின் பின்னாலும் உப்பு படிந்தே கிடந்து அரிக்கும். அந்த இடங்களை அவ்வப்போது நன்னீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எவர்சில்வர் பொருத்துகள் வாங்கும்போது, மாலிப்டினம் கலந்த 316 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். 304 தரம் கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும்.

கடைசியாக, நிலநடுக்கத்தை உணர்ந்த பின்பும் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கட்டும் என்று காத்திருப்பது. சுமத்ராவை அடுத்த சிமெலுவே தீவில் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் அதிர்ந்ததும் மக்கள் யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேடுகளுக்கு ஓடியதால், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் உயிரிழந்தவர்கள் 7 பேர் மட்டுமே. கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்க இறங்கக் கூடாது, முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்பவும் கூடாது. பின்வரும் அலைகள் முதல் அலையைவிடப் பெரிதாக இருக்கலாம், பல மணி நேரம் தொடரவும் செய்யலாம். வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியைக் குடியேறிய வாரத்திலேயே குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள்; மேடே இல்லாத தீவானால், உறுதியான மாடிக் கட்டடம் எது, அதன் படிக்கட்டு இரவிலும் திறந்திருக்குமா என்பதையும் விசாரித்து வையுங்கள்.