வந்ததுதான் வந்தோம்: அருங்காட்சியகச் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் இருவர் சென்ற மாதம் தங்கள் சுற்றுலாத் திட்டத்தை எழுதிய தாளை என்னிடம் காட்டினார்கள். மும்பையின் பைகுலாவில் உள்ள டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்கு ஏழாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்வதற்கான திட்டம் அது. தாளின் இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் இடம். மொத்தம் ஐந்து இடங்கள். 2018-இல் நான் எழுதிய தாளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது, நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு உட்பட.

பெற்றோரின் ஒப்புதல் கடிதம், தண்ணீர்ப் புட்டி, தலை எண்ணுவது, வாந்தி எடுக்கும் பிள்ளையைப் பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார வைப்பது ஆகியவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனவர் எவரும் அவற்றை மறப்பதில்லை. அனுபவம் இருந்தும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளையே எழுதுகிறேன்.

முன்கூட்டிப் போய்ப் பார்க்காமல் இருப்பது

நாம் சிறுவயதில் பார்த்த இடம்தானே என்ற நினைப்பில் பலர் நேரே பிள்ளைகளோடு போய் நிற்கிறார்கள். 1872-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1975-இல் அதை உருவாக்க உழைத்த மருத்துவரும் அறிஞருமான பாவு தாஜி லாடின் பெயரைப் பெற்ற இக்கட்டடம், பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டு 2008-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மனப்பதிவை நம்பிப் போனால் எந்தப் பொருள் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் தேட வேண்டியிருக்கும். ஒரு வாரம் முன்னதாகத் தனியாகப் போய் இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். விளக்கப் பலகைகள் தமிழில் இல்லை என்பதையும் அப்போதே கண்டுகொள்வீர்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு சொற்களை வகுப்பிலேயே சொல்லிவிட அது உதவும்.

புதன்கிழமை

மூடியிருக்கும்.

வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடலாம் என்பது

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஒரு வாக்கியம்தான். ஆசிரியர் அறையில் யாராவது இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சொல்பவர் மீது வருவதைவிட, அன்று அதைச் சொன்ன என் மீதே அதிகமாக வருகிறது.

பைகுலா அருங்காட்சியகத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அது ராணி பாக் எனப்படும் தோட்டத்தில், மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. 2016-இல் தென்கொரியாவிலிருந்து ஹம்போல்ட் பெங்குயின்கள் இங்கே கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அதன் பிறகு மும்பையில் எந்தப் பிள்ளையிடம் பைகுலா என்று சொன்னாலும் அதன் காதில் பெங்குயின் என்றுதான் விழும். 2018-இல் நான் போட்ட திட்டத்தில் பத்து மணிக்கு அருங்காட்சியகம், பத்தே முக்காலுக்குப் பெங்குயின், பகலுணவுக்குப் பின் வொர்லியில் நேரு அறிவியல் மையம், மாலையில் கேட்வே ஆஃப் இந்தியா, இருட்டும் நேரத்தில் சௌபாட்டி கடற்கரை என்று எல்லாம் இருந்தன. நாள் முழுவதற்கும் பேருந்து வாடகை கொடுத்தாயிற்று, ஓரிடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

எங்கள் பள்ளி இருக்கும் தாராவியிலிருந்து கிளம்பவே நாற்பது நிமிடம் தாமதமாயிற்று. பைகுலாவில் இறங்கியபோது அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டது. தொண்ணூற்றிரண்டு பிள்ளைகளை வரிசையாக உள்ளே விட்டு, கண்ணாடிப் பேழைகளைத் தொடாதே, நில்லாதே, நட என்று சொல்லிச் சொல்லி மறுபக்கமாக வெளியே கொண்டுவந்தோம். நகரில் வாழ்ந்த பல சமூகத்தாரின் உடைகளையும் தொழில்களையும் காட்டும் சிறு களிமண் உருவங்கள் அங்கே இருக்கின்றன. இப்பிள்ளைகளில் பலருடைய பாட்டன்மார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வேலை தேடி வந்தவர்கள். எங்கள் தெருவில் இன்னும் பானை வனையும் குயவர்கள் இருக்கிறார்கள். அந்த உருவங்களின் முன்னால் பத்து நிமிடம் நின்றிருந்தால் போதும், பிள்ளைகள் தாங்களாகவே பேசத் தொடங்கியிருப்பார்கள். நாங்கள் நிற்கவில்லை.

மாடியில் நகரின் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளாகக் கிடந்த நிலம், இடையிலிருந்த கடல் தூர்க்கப்பட்டு ஒரே ஊரான கதையை அங்கே நின்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சிறுமி அந்த வரைபடத்தின் முன்னே நின்றுவிட்டாள். "டீச்சர், இதுல நம்ம தாராவி எங்க இருக்கு?" என்று கேட்டாள். அன்று அவர்கள் கேட்ட கேள்விகளிலேயே விடை சொல்லத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான். மாஹிம் கழிமுகத்தின் ஓரத்தில், சேறும் அலையாத்தியும் சூழ்ந்த கோலி மீனவர்களின் சிற்றூராக அது இருந்தது என்றும், தீவுகளின் விளிம்பில் கிடந்த அந்தச் சதுப்பைத் தூர்த்துத்தான் நம் வீடுகள் எழுந்தன என்றும் விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். "அப்புறம் சொல்றேன், வா, பெங்குயின் பாக்கணும்ல" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். அந்த அப்புறம் வரவேயில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோரும் பெங்குயினை வரைந்தார்கள், அவளும்தான்.

வரிசையை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதையும் செய்து பார்த்தேன். முதலில் மிருகக்காட்சிசாலை, பிறகு அருங்காட்சியகம் என்று போனதில், வெயிலில் இரண்டு மணி நேரம் அலைந்த பிள்ளைகள் அருங்காட்சியகத்தின் குளிர்ந்த தரையைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்புவதற்கே காவலர் வர வேண்டியதாயிற்று. அருங்காட்சியகத்தை முடித்தால்தான் பெங்குயின் என்று ஆசைகாட்டுவதும் உதவாது. ஆசை காட்டிய கணத்திலிருந்தே பிள்ளை அங்கே போய்விடுகிறது, உடல் மட்டும்தான் நம்மோடு படியேறுகிறது.

ஆகவே மிருகக்காட்சிசாலைக்கு வேறொரு நாள் போங்கள், அதைப் பற்றி அன்று பேச்சே எடுக்காதீர்கள். வாடகைக் கணக்குப் பேசும் நிர்வாகத்திடம் சொல்ல என்னிடம் ஒரே பதில் இருக்கிறது: ஓரிடம் என்றால் அரை நாள் வாடகை போதும், பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் வாடகையே வேண்டாம். தாராவிக்குப் பக்கத்தில் உள்ள சயான் நிலையத்தில் ஸ்லோ டிரெயின் ஏறினால் மாட்டுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்ளி, அதற்கடுத்தது பைகுலா. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காலைக் கூட்டம் தணிந்து பதினொரு மணிக்குப் பிறகு கிளம்பி, மாலைக் கூட்டம் தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டு நாங்கள் அப்படித்தான் முப்பது பேரோடு போனோம். எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். ஒன்று என்று பிள்ளைகளே சொன்னார்கள், ஆனால் அதைப் பற்றி வீட்டில் இரவு முழுவதும் பேசியிருக்கிறார்கள்.

எல்லோரையும் ஒன்றாக உள்ளே அனுப்புவது

கட்டடம் அழகானது, ஆனால் சிறியது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேழைகளைச் சுற்றினால் முன்வரிசைக்குத்தான் பொருள் தெரியும், பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும். இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவை வெளியே நிறுத்துங்கள். வெளியே நிற்பது தண்டனையாகாது, ஏனென்றால் வெளியே கல் யானை இருக்கிறது. காராபுரித் தீவில் நின்றிருந்த யானை அது. அதைப் பார்த்துத்தான் போர்ச்சுக்கீசியர் அத்தீவுக்கு எலிஃபண்டா என்று பெயரிட்டார்கள். 1864-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது பாரந்தூக்கி அறுந்து, யானை விழுந்து துண்டு துண்டாயிற்று. துண்டுகளை இத்தோட்டத்துக்குக் கொண்டுவந்து போட்டு, பிறகு 1914-இல் ஒட்டி நிறுத்தினார்கள். ஒட்டிய இடங்களை எண்ணச் சொல்லுங்கள், கால் மணி நேரம் சத்தமே இருக்காது. காலா கோடா என்ற வட்டாரத்துக்குப் பெயர் தந்த கறுப்புக் குதிரைச் சிலையும், அதன் மேல் அமர்ந்த ஏழாம் எட்வர்ட் மன்னரும் 1965 முதல் இத்தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். காலா கோடாவில் இன்று நிற்பது 2017-இல் வைத்த, ஆளில்லாத வேறு குதிரை. மன்னரை ஏன் இங்கே கொண்டுவந்து மறைத்தார்கள் என்று ஒரு பையன் கேட்டான். சுதந்திரப் போராட்டப் பாடத்தை அங்கிருந்தே தொடங்க முடிந்தது.

நாற்பது கேள்விகள் கொண்ட வினாத்தாள்

பிள்ளைகள் தாளைப் பார்ப்பார்கள், பொருளைப் பார்க்கமாட்டார்கள். மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

கைபேசியில் படமெடுத்துக்கொண்டே இருக்கும் ஆசிரியர்

நான்தான். நிறுத்திவிட்டேன்.

மறுநாள் முதல் பாடவேளையில் தேர்வு வைப்பது

வைக்காதீர்கள். அந்த நாற்பது நிமிடத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, கரும்பலகையில் ஏழு தீவுகளை வரைந்து தாராவி எங்கே என்று மட்டும் கேளுங்கள்.