லீஸ் வீட்டில் ஏமாந்தவர்கள் போலீஸ் புகாரில் செய்யும் தவறுகள்

சென்னையில் லீஸ் மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நடுவில் ஒரு ஆள், அல்லது ஒரு நிறுவனம், வீட்டு உரிமையாளரிடம் மாத வாடகைக்கு என்று ஃபிளாட்டை எடுத்து, அதே ஃபிளாட்டை நம்மிடம் 5 லட்சம், 8 லட்சம் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு லீஸுக்கு விடுகிறது. சில மாதம் உரிமையாளருக்கு வாடகை ஒழுங்காகப் போகும், அப்புறம் நின்றுவிடும். அவர் வந்து கதவைத் தட்டி "நீங்க யாரு?" என்று கேட்கும்போதுதான் நமக்கு விஷயமே தெரியும்.

என் சித்திக்கு 7 லட்சம் இப்படிப் போனது. மஞ்சள் பையில் ஒப்பந்தம், ரசீது எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். "பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார், வாங்கித் தரவும்" என்று புகார் எழுதியிருந்தார். "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வாங்கிய பணத்தைத் தராமல் இருப்பது மட்டும் குற்ற வழக்காகாது. பணம் வாங்கும்போதே பொய் சொல்லி வாங்கினான் என்பதுதான் மோசடி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு (2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய சட்டத்தின் 420தான்). ஆகவே புகாரில் என்ன தேதியில், எந்த இடத்தில், யார் முன்னால், "லீஸுக்கு விட ஓனர் எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்" என்று சொன்னான், அது எப்படிப் பொய் என்று எழுதுங்கள். தொகையைப் பற்றிய புலம்பலைவிட அந்த ஒரு வரிதான் வழக்கை நிலைநிறுத்தும்.

அந்தப் பொய்க்கான சாட்சி எங்கே இருக்கிறது தெரியுமா? உரிமையாளர் வீட்டுப் பீரோவில். மாத வாடகைக்கு மட்டும்தான் விட்டேன் என்கிற அவருடைய ஒப்பந்தம் அங்கேதான் இருக்கும். நாமோ கோபத்தில் முதலில் அவரோடுதான் சண்டைக்குப் போகிறோம், அவரும் தண்ணீரை நிறுத்துகிறார் (சட்டப்படி அவர் அதைச் செய்யக் கூடாது). தயவுசெய்து அவரோடு பகைக்காதீர்கள், அவரும் ஏமாந்தவர்தான். இதே ஆளிடம் ஏமாந்த மற்ற குடும்பங்களையும் தேடுங்கள். பத்து வீட்டில் ஒரே மாதிரி நடந்திருந்தால் ஆரம்பத்திலிருந்தே கெட்ட எண்ணம் என்று காட்டுவது சுலபம், ஆட்களும் தொகையும் பெரிதாக இருந்தால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மத்திய குற்றப் பிரிவுக்கே சேர்ந்து போகலாம்.

இன்னொரு தவறு, "ரெண்டு மாசம் டைம் குடுங்க" என்று அவன் நீட்டுகிற பின்தேதி செக்கை வாங்கிக்கொண்டு புகாரைத் தள்ளிப்போடுவது. அந்த இரண்டு மாதத்தில் அவன் கணக்கில் இருக்கிற பணம் எங்கெங்கோ போய்விடும். செக் கொடுத்தால் வாங்கி வையுங்கள், ஆனால் புகாரை நிறுத்தாதீர்கள். ஆன்லைனில் விளம்பரம் பார்த்து, "ராணுவத்தில் இருக்கேன், மாற்றலாகிட்டேன்" என்றவனுக்கு முன்பணம் அனுப்பியிருந்தால் இன்னும் அவசரம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தால் பணத்தை முடக்க முடியாமல் போகலாம்.

ஸ்டேஷனில் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறவர்களும் நிறைய. அது புகார் வந்தது என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. போட மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களிடம் அவர்கள் சொல்லவும் வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

வழக்கு சூடு பிடித்ததும் சமரசத்துக்கு ஆள் வரும். 318(4) வழக்கை நீதிமன்ற அனுமதியோடு சமரசத்தில் முடிக்கலாம், அதில் தப்பில்லை. பாதிப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு "மீதி அடுத்த மாசம்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுவதுதான் தப்பு. சித்தியிடமும் 2 லட்சத்தோடு ஒருவர் வந்தார். முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் ஏறட்டும், அப்புறம் கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்று சித்தி அவரை வாசலிலேயே அனுப்பிவிட்டார்.