சிங்கப்பூரில் தங்க இடம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் ரயில் நிலையங்களில் தமிழ் அறிவிப்பு ஒலிக்கிறது; சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரமும் சுடச்சுட இட்லியும் கிடைக்கின்றன. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாக இருப்பதால் தோன்றும் இந்த நெருக்கத்தை நம்பி, நம் ஊர் வழக்கப்படியே இங்கும் தங்க இடம் பிடித்துவிடலாம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, பணத்தையும் நிம்மதியையும் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன.

அவற்றுள் முதன்மையானது, நாலைந்து நாளுக்கு வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுப்பது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் 'தினவாடகைக்கு அறை உண்டு' என்று போடுவார். ஹோட்டல் கட்டணத்தில் பாதிகூட இராது. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டப்படி, தனியார் குடியிருப்பு வீடுகளைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. மக்களில் பெரும்பாலோர் வசிக்கும், வீவக எனப்படும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கு இந்தக் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம். சுற்றுலாப் பயணிகளுக்கு அவற்றை வாடகைக்கு விடவே அனுமதியில்லை. 2018இல் தனியார் அடுக்குமாடி வீடுகளைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட்ட இருவருக்குத் தலைக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்பட்டது. தண்டனை வீட்டுக்காரருக்குத்தானே என்று நினைப்பவர்கள், அண்டைவீட்டார் புகார் செய்தால் நள்ளிரவில் பெட்டியோடு வெளியேற வேண்டியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உறவினர் வீட்டில் வாடகையின்றி விருந்தாளியாகத் தங்குவது வேறு, அதில் தவறில்லை. சர்வீஸ் அபார்ட்மென்ட் எனப்படும் இடங்களுக்கும் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் என்ற வரம்பு இருப்பதால், குறுகிய பயணத்துக்கு ஹோட்டல் உரிமம் பெற்ற இடத்தையோ முறையான ஹாஸ்டலையோ தேடுவதே சரியான வழி.

அடுத்தது தேதிக் குழப்பம். தமிழ்நாட்டிலிருந்து வரும் விமானங்களில் பல இரவில் புறப்படுபவை. சென்னையில் பத்தாம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு ஏறினால், சுமார் நான்கே கால் மணி நேரப் பயணத்தோடு, சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதும் சேர்ந்து, பதினோராம் தேதி காலை ஆறரை மணிக்குள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியிருப்போம். ஹோட்டல் அறையோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். தூக்கம் கெட்ட முதியவர்களையும் குழந்தைகளையும் வரவேற்பறை நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரவைத்த குடும்பங்களை நான் அறிவேன். பெட்டிகளை ஹோட்டலிலேயே ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்றால் பதினோராம் தேதியிலிருந்து பதிவு செய்வது போதும்; இறங்கியதும் படுக்க வேண்டுமென்றால் பத்தாம் தேதி இரவையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். பின்னதைச் செய்பவர்கள் விடியற்காலையில்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இல்லையேல் வராதவர் கணக்கில் சேர்த்து அறையை ரத்து செய்துவிடக்கூடும்.

விலையைப் படிப்பதிலும் கவனம் தேவை. கட்டணத்தின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் வரும் என்று பொருள். 200 வெள்ளி என்று கண்ட அறைக்கு 239 வெள்ளி 80 காசு கொடுக்க நேரும். மலிவான அறைகள் பலவற்றில் சன்னலே கிடையாது. அது விவரக்குறிப்பில் எங்கோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். இருவருக்கென எடுத்த அறையில் பாய் விரித்து நால்வர் படுக்கும் நம் வழக்கமும் இங்கே செல்லாது. பதிவு செய்யும்போதே குழந்தைகள் உட்பட எல்லாரையும் கணக்கில் காட்டிவிடுவது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கேலாங் வட்டாரம் பலரைத் தடுமாற வைக்கிறது. அங்கே விலை குறைவு, அல்ஜுனிட் ரயில் நிலையமும் அருகில். ஆனால் அங்குள்ள லோரோங் எனப்படும் சந்துகளில், குறிப்பாக இரட்டைப்படை எண் கொண்டவற்றில், பாலியல் தொழில் நடக்கும் வீடுகளும் மணிக்கணக்கில் அறை விடும் சிறு ஹோட்டல்களும் உள்ளன. ஆபத்தான பகுதி என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு வருபவர் தெரிந்துகொண்டு வர வேண்டும், அவ்வளவே. மலாய்க்காரர்களின் சந்தைக்குப் பெயர்பெற்ற கேலாங் சராய் இதற்குக் கிழக்கே உள்ள வேறு பகுதி.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டு நாள்தோறும் சிங்கப்பூருக்கு வந்து போகலாம் என்ற யோசனை, கணக்கில் இனிப்பது, நடைமுறையில் அப்படியன்று. நடுவே இருக்கும் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்தான் என்றாலும், ஒவ்வொரு முறையும் இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையையும் கடந்தாக வேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அந்த வரிசை மணிக்கணக்கில் நீளும். விசா பலமுறை நுழைய இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழர் என்றால் லிட்டில் இந்தியாவில்தான் தங்க வேண்டும் என்பதும் ஒரு முன்முடிவே. உணவுக்கும் கடைகளுக்கும் அது வசதி. ஞாயிறு மாலையில் அது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமாகி நிரம்பி வழியும் என்பதையும், அங்கே வார இறுதி முழுவதும் பொது இடத்தில் மது அருந்தத் தடை உண்டு என்பதையும் அறிந்து வர வேண்டும். ஆனால் தீவின் மிகப் பழைய இந்துக் கோயிலான, 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருப்பது சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில். அதன் அருகிலேயே தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும், சற்றுத் தொலைவில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் நிற்கின்றன. தமிழரின் பழைய சிங்கப்பூரைப் பார்க்க விரும்புபவருக்கு அந்தப் பக்கம் தங்குவதே பொருத்தம் என்பேன்.

பல சிறு உணவுக்கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் உணவங்காடி நிலையங்களில் சைவம் சாப்பிடுபவர்கள் 'காய்கறி' என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. கீரைப் பொரியலிலும் சம்பல் எனப்படும் மிளகாய்த் துவையலிலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது கலந்திருப்பது வழக்கம். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகையும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 முதல் கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், யாரோ அந்த இடத்தைப் பிடித்துவிட்டார் என்று பொருள்.

சிங்கப்பூருக்குள் நுழைபவர் நிரப்பும் வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அரசின் இணையத்தளத்தில் இலவசமாக நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அரசினுடையதன்று. சூயிங்கம்மும் மின்சிகரெட்டும் தடைசெய்யப்பட்டவை; ஒரே ஒரு சிகரெட் பொட்டலத்துக்கும் சுங்கத் தீர்வை உண்டு.

திரும்பும் விமானமும் இரவில் என்றால், அறையைக் காலி செய்த பின் பெட்டிகளை ஹோட்டலில் வைக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். பெருவிரைவு ரயில்கள் எனப்படும் நகர ரயில்கள் (எம்ஆர்டி) நள்ளிரவையொட்டி நின்றுவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் டாக்சி மீட்டர் கட்டணம் ஒன்றரை மடங்காகும்.