எடிட்டிங்கை மறந்துவிட்டு வீடியோ கேமரா வாங்காதீர்கள்

கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, படம் எவ்வளவு தெளிவாக இருக்கும், ஜூம் எவ்வளவு, இருட்டில் எப்படி எடுக்கும் என்பதைத்தான். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ஒரு மணி நேரம் படம் பிடித்துவிட்டு அதை வெட்டி ஒட்ட நாள்கணக்கில் உட்காருகிறோம். அந்த நாட்களில் கேமரா பையில் கிடக்கும், நாம் மல்லுக்கட்டுவது அது எழுதித் தந்த ஃபைலோடு. அந்த ஃபைல் எப்படிப்பட்டது என்று கேட்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு.

ஃபைல் சிறியதாக இருந்தால் கம்ப்யூட்டருக்கும் சுலபம் என்று நினைக்கிறோம், உண்மை பெரும்பாலும் நேர்மாறு. எச்.264, எச்.265 போன்ற கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைகள், வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், நடுவில் வருவதெல்லாம் பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பு மட்டும். பார்ப்பதற்கு இது போதும், ஆனால் எடிட்டிங்கில் நாம் டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கிய பட்டையில், முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்போம், ஒவ்வொரு தாவலுக்கும் கம்ப்யூட்டர் அந்த முழுப் படத்தைத் தேடிப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும்.

இது இன்று முளைத்த சிக்கலும் இல்லை. 2003-இல் எச்டிவி (HDV) என்ற டேப் ஃபார்மட் வந்தபோது அதன் பிட்ரேட்டும், அதாவது நொடிக்கு எழுதும் டேட்டாவின் அளவும், பழைய டிவி (DV) டேப்பைப் போலவே அதிகபட்சம் 25 மெகாபிட்தான், அதே கம்ப்யூட்டர் போதும் என்று நம்பினார்கள். டிவி டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும், எச்டிவியிலோ பெரும்பாலும் 12 அல்லது 15 ஃபிரேம் ஒரு கட்டாகப் பின்னியிருக்கும், நன்றாக ஓடிய கம்ப்யூட்டர்கள் திணறின. 2006-இல் வந்த ஏவிசிஎச்டி ஃபார்மட் கம்ப்யூட்டருக்கு இன்னும் கனம். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது 10-பிட் 4:2:2 எச்.265 (4:2:2 என்பது நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை). கேமராக்காரர்கள் கொண்டாடும் ஃபார்மட், தரமும் உண்மையிலேயே அருமை. ஆனால் என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கிராஃபிக்ஸ் கார்டுகள் இதை நேரடியாக விரித்துக் காட்டாது, இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸரோடு சேர்ந்து வந்த கிராஃபிக்ஸோ விரித்துவிடும். விலை உயர்ந்த கார்டு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள்.

சரி, இதற்காக நல்ல கேமராவை ஒதுக்க வேண்டுமா? வேண்டாம். புராக்ஸி போட்டு, அதாவது சின்ன நகலை வைத்து எடிட் செய்து, கடைசியில் அசல் ஃபைலிலிருந்து ரெண்டர், அதாவது முடிந்த வீடியோவை, எடுக்கலாம். அல்லது ஆல்-இன்ட்ரா முறையில் பதிவு செய்யும் கேமராவாகப் பாருங்கள், அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசு, டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும்.

அதற்கான விலை இடம். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குவது அடுத்த தவறு. நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, 400 மெகாபிட் என்றால் 180 ஜிபி. பேக்கப் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கேமராவின் மெமரி கார்டும் ஈடுகொடுக்க வேண்டும்: வி30 கார்டு நொடிக்கு 30 எம்பி, அதாவது 240 மெகாபிட் எழுதத்தான் உத்தரவாதம், 400 மெகாபிட்டுக்கு வி60 தேவை.

லாக், அதாவது பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதிவு செய்யும் முறை, இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, எத்தனை பிட் என்று கேட்காமல் விடுகிறவர்களும் உண்டு. 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1024. லாக்கில் எடுத்த தட்டையான படத்தைக் கலர் கரெக்‌ஷனில் இழுக்கும்போது 8-பிட் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். 8-பிட் கேமராதான் கைக்கு எட்டுகிறது என்றால் லாக்கை விட்டுவிட்டு, நிறத்தை எடுக்கும்போதே சரியாக அமைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

கார்டிலிருந்து காப்பி செய்யும்போது ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுங்கள். பல கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபி துண்டுகளாக வெட்டி எழுதும், துண்டுகளைச் சேர்க்கும் விவரம் மற்ற ஃபைல்களில் இருக்கும். ஒருமுறை நீண்ட உரை ஒன்றை எடுத்துவிட்டு வீடியோ ஃபைல்களை மட்டும் உருவிக்கொண்டு கார்டை அழித்துவிட்டேன். ஒவ்வொரு இணைப்பிலும் பேச்சு ஒரு கணம் அறுந்தது, அதை ஒட்டவைக்க முடியவே இல்லை.

போனையும் கூட வைத்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல போன்கள் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, நிலையாக வைப்பதில்லை, அதனால் எடிட்டிங்கில் போகப் போகச் சத்தமும் உதடும் விலகக்கூடும். அப்புறம், கேமராவில் மைக், ஹெட்போன் இரண்டுக்கும் துளை இருக்கட்டும், கெட்டுப்போன ஒலியை எடிட்டிங்கில் முழுசாக மீட்க முடியாது.

கடைக்குப் போகும்போது சொந்தக் கார்டு ஒன்றைக் கொண்டுபோய், அசையும் இலைகள், நடக்கும் ஆட்கள் என்று ஒரு நிமிடம் எடுத்து வாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அதை மூன்று அடுக்காகப் போட்டு, நொடிக்கு ஒரு கட் வைத்து, நிறம் மாற்றி, பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். திணறினால், அந்த ஒரு நிமிடம் புராக்ஸியாக மாற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு நிமிடம் பிடித்தால், இரண்டு மணி நேர ஃபுட்டேஜுக்கு எட்டு மணி நேரம், இரவு முழுவதும் கம்ப்யூட்டர் அந்த ஒரே வேலையில்தான் இருக்கும்.