பிஸ்மத்-207 எலக்ட்ரான் நிறமாலை: வாரக்கணக்கில் அளந்தாலும் பீக் நகராமல் இருக்க என்ன செய்வது?

எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் வந்தன என்று காட்டும் நிறமாலையை ஒரு மணி நேரத்தில் எடுத்தால் யாருக்கும் அழகாகத்தான் வரும். அதே அமைப்பை மூன்று வாரம் ஓடவிட்டால் பீக்குகள் (நிறமாலையின் கூரான முகடுகள்) தடித்து, இடம் மாறிப் போயிருக்கும். நகர்வை முழுவதும் தடுக்க முடியாது. எது நகர்த்தியது என்று கண்டுபிடிக்கும்படி அளவீட்டை அமைத்துக்கொள்ளலாம்.

மூலம்

எலக்ட்ரான்களைத் தரும் கதிரியக்க மூலமாக ஸ்ட்ரான்சியம்-90 வேண்டாம். அதன் பீட்டா நிறமாலை தொடர்ச்சியானது, நகர்ந்ததா என்று பார்க்கக் கூரான பீக் கிடையாது. பிஸ்மத்-207 தரும் அகமாற்ற எலக்ட்ரான்கள் (அணுக்கரு தன் உபரி ஆற்றலை நேரடியாகக் கொடுத்து வெளியேற்றுபவை) நான்கு தெளிவான இடங்களில் விழும்: 481.7, 553.8, 975.7, 1047.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி). அரை ஆயுட்காலம் 31 ஆண்டுகளுக்கு மேல். மெல்லிய படலம் மூடிய 37 கிலோபெக்கரல் மூலம் போதும். இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். தூசி படிந்தாலும் படலத்தைத் துடைக்கக் கூடாது. கிழிந்தால் கலம் முழுக்கக் கதிரியக்க மாசு.

டிடெக்டரும் வெற்றிடமும்

1000 கேஇவி எலக்ட்ரான் சிலிக்கானில் 2.3 மி.மீ. வரை ஓடும். அதனால் 500 மைக்ரான் டிடெக்டர் இங்கே உதவாது. குறைந்தது 3 மி.மீ. தடிமனுள்ள லித்தியம் ஊட்டிய சிலிக்கான் வேண்டும். 1 செ.மீ. காற்றே சுமார் 2 கேஇவி ஆற்றலைத் தின்றுவிடும் என்பதால் வெற்றிடக் கலம் கட்டாயம்.

வரிசை முக்கியம். முதலில் பம்ப், அழுத்தம் நன்றாக இறங்கியபின் மின்னழுத்தம், அதையும் படிப்படியாக. 1 மில்லிபார் அளவில் வாயு சுலபமாக மின்னிறக்கம் ஆகும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் இருந்தால் டிடெக்டரின் சிறு சைகையை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டர் போய்விடும். வெளிச்சமும் உள்ளே வரக் கூடாது. பார்வைச் சாளரம் இருந்தால் கறுப்புத் துணி போடுங்கள்.

எலக்ட்ரான் விழாதபோதும் டிடெக்டரில் ஓடும் கசிவு மின்னோட்டத்தைத் தினமும் குறித்து வையுங்கள். மின்னழுத்தப் பாதையில் 100 மெகாஓம் மின்தடை இருந்தால் 1 மைக்ரோஆம்பியர் கசிவுக்கே 100 வோல்ட் அங்கே விழுந்துவிடும். அறை சூடானால் கசிவு ஏறும், டிடெக்டருக்குக் கிடைக்கும் வோல்ட் குறையும், பீக் கீழே சரியும். கருவியின் முகப்பில் மட்டும் அதே எண் காட்டிக்கொண்டிருக்கும்.

பல்ஸர்

ப்ரீஆம்ப்ளிஃபயரின் சோதனை உள்ளீட்டில் துல்லிய பல்ஸரை (ஒரே அளவு மின்துடிப்பைத் திரும்பத் திரும்பத் தரும் கருவி) இணைத்து, நொடிக்கு 50 துடிப்புகள் வீதம், 1200 கேஇவிக்கு மேல் ஒரு பீக் விழும்படி வையுங்கள். எல்லா மின்னணுக் கருவிகளையும் ஒரு நாள் முன்பே இயக்கிச் சூடேற விடுங்கள்.

பதிவு

மூன்று வாரத்துக்கு ஒரே கோப்பு என்பது பெரிய தவறு. மணிக்கு ஒரு கோப்பு. கூடவே வெப்பநிலை, அழுத்தம், கசிவு. பீக்கின் அரை உயர அகலம் 10 கேஇவி என்றால், அதில் 10,000 எண்ணிக்கை சேர்ந்தாலே மையம் சுமார் 0.04 கேஇவி துல்லியத்தில் கிடைக்கும். மையத்தைக் கண்டுபிடிக்கக் கணித வளைவைப் பொருத்தும்போது எலக்ட்ரான் பீக்கைச் சமச்சீராகக் கருதாதீர்கள். பின்சிதறி வெளியேறிய எலக்ட்ரான்களால் இடப்பக்கம் வால் நீளும். வாலையும் சேர்த்தே சமன்பாட்டில் எழுத வேண்டும். 1047.8-இன் வலது தோளில் 1059.8 கேஇவி எலக்ட்ரான்கள் ஒளிந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டால் மையம் மேலே இழுபடும்.

நகர்வின் காரணம்

நான்கு பீக் இருப்பதன் பலன் இங்கேதான். சைகையைக் கருவிகள் பெருக்கும் அளவு 0.2 விழுக்காடு குறைந்தால் 975.7 ஏறத்தாழ 2 கேஇவி இறங்கும், 481.7 அதில் பாதிதான் இறங்கும். பல்ஸரும் அதே விகிதத்தில் இறங்கினால் கோளாறு மின்னணுவியலில்.

பல்ஸர் அசையாமல் இருக்க, எல்லா எலக்ட்ரான் பீக்குகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கினால் வழியில் ஏதோ படிந்திருக்கிறது. குளிர்வித்த டிடெக்டரில் இது அடிக்கடி நடக்கும். 10 மைக்ரான் பனிப்படலம் 975.7-இலிருந்து 1.7 கேஇவி எடுத்தால், 481.7-இலிருந்து சற்றுக் கூடுதலாக, 1.9 அளவில் எடுக்கும். கருவியின் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முயலாதீர்கள். மின்னழுத்தத்தை இறக்கி, டிடெக்டரைச் சூடாக்கி, பம்பைப் பாருங்கள்.

மூலத்தின் மேலுள்ள படலம் எவ்வளவு தின்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே அளந்துவிடலாம். மூலத்தை மட்டும் 60 பாகை சாய்த்தால் படலத்தில் எலக்ட்ரான் கடக்கும் தூரம் இரட்டிப்பாகும். அப்போது பீக் எவ்வளவு இறங்குகிறதோ, நேராக இருக்கும்போது ஏற்படும் இழப்பும் அவ்வளவே.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் டிரிட்டியம் பீட்டா நிறமாலையின் 18.6 கேஇவி விளிம்பை அளந்த காட்ரின் சோதனையிலும், கிரிப்டான்-83எம் தரும் எலக்ட்ரான் கோடுகள் இதே வகையான அளவுகோலாகப் பயன்பட்டன.

கூட்டும்போது

ஒவ்வொரு கோப்பையும் அதன் சொந்த பீக்குகளால் அளவுதிருத்திய பிறகே கூட்டுங்கள். சேனலை (நிறமாலையில் எண்ணிக்கை சேரும் சிறு ஆற்றல் கட்டம்) நேரடியாக நகர்த்தினால் நிறமாலையில் சீப்புப் பல் போல ஏற்ற இறக்கம் வரும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சேனலின் அகலத்துக்குள் ஒரு தற்செயல் இடம் கொடுத்துவிட்டு மாற்றினால் அது வராது.

பிஸ்மத்-207 காமா கதிர்களையும் தரும். அவை டிடெக்டரில் சிதறி ஆற்றலில் ஒரு பகுதியை விட்டுச்செல்வதால் வரும் காம்ப்டன் பின்னணியைக் கழிக்க, இடையில் 3 மி.மீ. அலுமினியத் தகடு வைத்துத் தனியாக ஓர் ஓட்டம் எடுங்கள். எலக்ட்ரான்கள் நின்றுவிடும். காமாவிலும் 5 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பதால், கழிக்கும் முன் அந்த நிறமாலையை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். எண்ணிக்கை வீதங்களை ஒப்பிடுவதானால் ஆண்டுக்கு 2.2 விழுக்காடு சிதைவுத் திருத்தமும் சேருங்கள். ஓடிய நேரத்தால் அல்ல, கருவி உயிரோடிருந்த நேரத்தால், அதாவது புதிய துடிப்பை ஏற்கத் தயாராக இருந்த நேரத்தால் வகுங்கள்.